ஜீப்பை நிறுத்திய கல்

இரண்டு கோடியே பதினேழு லட்சம் கற்களையும் எண்ணி முடித்த அன்று மதியம், எபநேசர் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திருட்டு இல்லை. திருடுவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது தன் கணவரிடம் இருப்பதாக எஸ்தர்மணி ஒருநாளும் சொன்னதில்லை. நடந்தது இவ்வளவுதான். கல்லுவரிப் பொட்டலின் மேற்குச் சரிவில் அலுவலக ஜீப்பை நிறுத்திவிட்டு அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஜீப் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மெல்லக் கிளம்பியது. கைப்பிரேக் பிடிக்காது என்பது அவருக்கு மூன்று மாதமாகத் தெரியும், தெரிந்துகொண்டே இருந்தார். வாயில் எலுமிச்சைச் சோற்றோடு பின்னால் ஓடி, கைக்கு அகப்பட்ட கல்லைப் பெயர்த்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். ஜீப் நின்றது. நல்ல கல். ஆறு கிலோ இருக்கும், குதிகால் மாதிரி வடிவம். நாளைக்கும் உதவும் என்று காலடியில் போட்டுக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்துவிட்டார். எஸ்தர்மணி அதைக் கழுவித் துடைத்து நார்த்தங்காய் ஜாடியின் மூடிமேல் வைத்தாள்.

மறுநாள் காலை கடைசிச் சரிபார்ப்புக்குப் பறந்துவிட்டு வந்த டிரோன்கள், ஒரு கல் குறைகிறது என்றன.

"எபநேசர், அந்தக் கல் இப்போது எங்கே?" என்று கேட்டார் திட்ட இயக்குநர் டாக்டர் கோதைநாயகி.

"ஊறுகாய் ஜாடி மேல, மேடம்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கோபப்படுவதே அவ்வளவுதான். எபநேசர் என்ற பெயருக்கு வேதாகமத்தில் 'உதவியின் கல்' என்று பொருள். அது இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கக் கூடாதே என்று மனசுக்குள் ஜெபம் செய்துகொண்டு நின்றார் எபநேசர்.

தண்டனை ஒரு பதவி உயர்வின் வடிவத்தில் வந்தது. 'ஒப்புநோக்கு அலுவலர்' என்றொரு நாற்காலி யாரும் உட்கார மறுத்ததால் காலியாக இருந்தது. அதில் அவரை உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்பது பேச்சுக்குத்தான்; அது நடக்கிற வேலை.

முதல் வேலை, கல்லைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைப்பது. கையிலிருந்த கருவி வழி சொல்லிப் பீப் பீப் என்று கத்த, அவர் கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பொட்டலில் வட்டமடித்தார். மரம் கிடையாது, புதர் கிடையாது. கண்ணுக்கு எட்டின தூரம்வரை சாம்பல் கல்லும் உவர் மண்ணும், கல்லோரங்களில் செம்பட்டை மயிர் மாதிரி ஒரு புல்லும்தான். புதிதாக வருகிறவர்கள் இதில் பாதுகாக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எபநேசரும் முதல் நாள் கேட்டார். அந்தப் புல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

"என்ன அண்ணாச்சி, பச்சப்பிள்ளைய வச்சிருக்க மாதிரி கல்ல இடுப்புல வச்சுக்கிட்டுத் திரியிறீக?"

சீனியம்மாள். நாற்பது வயது இருக்கும். நானூறு ஆடுகளுக்குக் கீதாரி, அதாவது மந்தையை நடத்துகிற தலையாள். புருஷனைப் பாம்பு தீண்டிய வருஷத்திலிருந்து கீதாரிக் கம்பு அவள் கையில் இருக்கிறது. ஆண் கீதாரிகளும் அவள் சொன்ன பக்கம்தான் ஆட்டைத் திருப்புவார்கள்.

"இத இருந்த இடத்துல வைக்கணும்மா."

"வச்சா?"

"வச்சா கணக்கு சரியா இருக்கும்."

"இந்தப் பொட்டல்ல கல்லுக்கா பஞ்சம்? எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு மெனக்கெடல்?"

எபநேசர் கல்லைக் கீழே வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். "இங்க மின்கலக் கிடங்கு வரப்போகுது. நாலு மாவட்டத்துக்கு வெயில்ல பிடிச்ச கரண்டை இங்க சேத்துவைக்கப் போறாங்க. ஆனா இது அபூர்வமான நிலம்னு சட்டம் சொல்லுது. சும்மா எடுத்துக்க முடியாது. இதே மாதிரி இன்னொன்ன முதல்ல உண்டாக்கிக் காட்டணும். அதுக்குப் பேரு ஈடுநிலம்."

"நிலத்த எப்படி உண்டாக்குவீக?"

"கடலோரத்துல கைவிட்ட உப்பளம் ஒண்ணு கிடக்கு, இங்கருந்து அறுபது கிலோமீட்டர். அதுல இதே அளவு உவர்மண்ணு, இதே புல்லு வித, இதே கல்லு. ஒவ்வொரு கல்லையும் மெஷின் வார்த்து எடுத்து, அதே இடத்துல, அதே முகம் பாத்து வைக்கும். மூணு மழை பாப்பாங்க. புல்லு முளைச்சு, கண்கிலேடிப் பறவ வந்து முட்டையிட்டுட்டா ரெண்டும் ஒண்ணுன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"போட்டா?"

"இது கிடங்குக்குப் போயிரும்."

"முளைக்கலைன்னா?"

"இது இப்படியே இருக்கும்."

வெயில் ஏறிவிட்டது, ஆடுகள் தலையைத் தொங்கப்போட்டு ஒன்றின் வயிற்று நிழலில் ஒன்று நின்றன. சீனியம்மாள் கம்பின் நுனியால் ஒரு கல்லை நெம்பிப் பக்கத்தில் புரட்டிப் போட்டாள். அடியில் குனிந்து பார்த்தாள். இன்னொன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, துண்டை விரித்து உட்கார்ந்தாள். மந்தை ஆட்கள் எல்லோரும் அங்கங்கே அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

"தேளா?"

"தேளுதான். உக்காருற இடத்துல பாக்காம உக்காந்தா அப்புறம் நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

"புரட்டின கல்லத் திருப்பி வைக்கலையே?"

"ஐயய்யோ, வைக்கவே கூடாது. வச்சா தேளுக்கு வீட்டு விலாசம் தெரிஞ்சுபோகும்லா."

எபநேசர் சிரித்தார். ஒப்புநோக்கு அலுவலர் என்றால் எதையும் உற்றுப் பார்க்கிறவர் என்று அர்த்தம். அவரும் உற்றுப் பார்த்தார். பார்த்ததை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஈடுநிலம் எட்டு மாதத்தில் தயாரானது. கல் பதித்தவை ஆறு கால் இயந்திரங்கள். முன்னால் இரண்டு இடுக்கி வேறு. அலுவலக ஆவணங்களில் அவற்றுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. கூலிக்கு வந்த ஆட்கள் பார்த்த மாத்திரத்தில் நட்டுவாக்காலி என்றார்கள், அதுவே நின்றுவிட்டது. நட்டுவாக்காலி ஒவ்வொரு கல்லையும் ஒரு விரல் ஆழம் அழுத்திப் பதித்தது. பிறகு ஆட்டுக் குளம்பின் கனத்தில் மண்ணை மிதித்தது. ஆட்டின் கடிக்கு இணையான கத்தி ஒன்றும் அதற்கு உண்டு. புழுக்கையை எண்ணி எண்ணிப் போடுவதை எபநேசர் முதன்முதலில் பார்த்தபோது, தன்னுடையதைவிடக் கேவலமான உத்தியோகமும் உலகத்தில் இருக்கிறது என்று சற்று ஆறுதல் அடைந்தார்.

ஒரே ஒரு கல்லை மட்டும் நட்டுவாக்காலி தொடவில்லை. ஊறுகாய் ஜாடிமேல் இருந்த கல்லின் நகல் அது. முதல் எண்ணிக்கையில் இருந்தும் சரிபார்ப்பில் காணாமல் போன கல் ஆனதால், 'நம்பத்தகாதது' என்று இயந்திரம் அதை ஒதுக்கிவிட்டது. ஆகவே எபநேசரே தூக்கிக்கொண்டு போய்க் கையால் வைத்தார். வைத்த கையோடு கும்பிடும் போட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

முதல் மழை பெய்தது. ஒன்றும் முளைக்கவில்லை. விதை இருந்தது, ஈரம் இருந்தது, எல்லாம் அளந்துவைத்த அளவில் இருந்தது. நிலம் மட்டும் போட்டோவில் சிரிக்கிற மனுஷன் மாதிரி அப்படியே இருந்தது.

அந்தக் கோடையில்தான் அவர் சீனியம்மாளிடம் வாய்விட்டது. அவர் கோதைநாயகியின் மேஜையில் ஒரு வரைவைப் பார்த்திருந்தார்.

"ஒரு சங்கதி சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க. ஈடுநிலம் தோத்துட்டா இந்தப் பொட்டல் காப்பகம் ஆகுது. சுத்தி எட்டடி வேலி. மனுசன் நுழையக் கூடாது, கால்நடை கூடாது."

"ஆடு வரக்கூடாதா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

அவள் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தாள். அவளைச் சமாதானப்படுத்த எபநேசர் வழக்கம்போலத் தன்னையே எடுத்துக் கேலிக்கு வைத்தார். "என் நிலைமையக் கேளுங்க. நான் வச்ச கல்லைச் சுத்தி மூணடி வட்டத்துக்கு டிரோன் கண்ண மூடிக்கும். கைப்பிழைன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. ரெண்டு கோடிக் கல்லுல, மெஷினே பாக்கக் கூச்சப்படுறது என் கல்லு ஒண்ணுதான்."

"எத்தன அடின்னீக?"

"மூணு."

அவள் சிரிக்கவில்லை. நகைச்சுவை எடுபடாத வருத்தத்தோடு அவர் வீடு திரும்பினார்.

இரண்டாம் மழையும் போனது. ஈடுநிலம் அப்படியே கிடந்தது. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் நாலு நாள் பெய்து ஓய்ந்த காலையில், எபநேசர் குடையைக் கம்பாக ஊன்றிக்கொண்டு அங்கே நடந்தார். கடல் பக்கமிருந்து காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்தது. வேலை முடிந்துவிட்டது, இன்னும் ஒரு மாதத்தில் 'இணையாகவில்லை' என்று எழுதிவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டே தன் கல்லைப் பார்க்கப் போனார். கைப்பிழைக்கும் ஒரு பாசம் உண்டு.

கல் அதன் இடத்தில் இல்லை. ஒரு சாண் தள்ளி மல்லாந்து கிடந்தது. அது இருந்த இடத்தில், அச்சு எடுத்தாற்போலக் குதிகால் வடிவத்தில், செம்பட்டையாகப் புல்.

எபநேசர் சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். கல்லின் மேல்பக்கமாகிவிட்ட அடிப்பக்கத்தில், மழை கழுவியது போகக் குழிகளில் வெள்ளை ஒட்டியிருந்தது. நக்கிப் பார்த்தார். உப்பு. புல்லடி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார். கரிக்கவில்லை. பக்கத்து மண் கரித்தது. அந்த நிலைமையில் அவரை யாராவது பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருப்பார்கள்.

விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, கல் தன் அடி மண்ணின் உப்பை இழுத்து வைத்துக்கொள்கிறது. புரட்டினால் உப்பு கல்லோடு போய்விடுகிறது. கல் இருந்த இடம் மட்டும் நல்ல மண்ணாகி, அங்கே விதை கண் திறக்கிறது. ஆட்டுக்காரர்கள் அதைக் கல்லடிப்புல் என்று சொல்வதை மூன்று வருஷமாகக் கேட்டும், ஏன் அந்தப் பெயர் என்று ஒரு விஞ்ஞானிக்கும் தோன்றவில்லை. தேளுக்குப் பயந்து தலைமுறை தலைமுறையாக மனுஷர்கள் புரட்டிப் போட்ட கல்தான் கல்லுவரிப் பொட்டல்.

சரி, இந்தக் கல் ஏன் புரண்டது? அதற்கு எபநேசருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மற்றதையெல்லாம் நட்டுவாக்காலி பதித்தது. தான் மட்டும் சும்மா வைத்துவிட்டு வந்தோம். காற்றிலோ, நரி இடறியோ உருண்டுவிட்டது. தன் வாழ்க்கையில் எது சரிந்தாலும் காரணம் தானே என்று முடிவு கட்டுவது அவருக்குப் பழகிப்போன குறுக்குவழி.

டிரோன் கண்ணை மூடிக்கொள்ளும் வட்டத்துக்குள் நடந்ததால், இது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அன்று மாலையே கோதைநாயகியின் அறைக்குப் போனார். விஷயத்தைச் சொல்லவில்லை, சுற்றி வளைத்துக் கேட்டார்.

"மேடம், அசல் பொட்டல்ல கல்லு இடம் மாறுமா?"

"ஆண்டுக்கு ஆயிரத்தில் மூன்று மாறியதாகக் காட்டியது. அளவீட்டுப் பிழை என்று கழித்துவிட்டோம்."

"பிழையா இல்லாம இருந்தா?"

"அது ஒரு கோணம்."

"சரி மேடம், வேலி போட்டு ஆட்ட நிறுத்திட்டா அங்க புல்லு நிக்குமா?"

"அதை மேலாண்மைத் திட்டத்தில் பார்க்கலாம்."

"நிக்குமா, நிக்காதா?"

"எபநேசர், அது கொள்கை முடிவு." அவர் கெட்டவர் இல்லை. களைத்திருந்தார். இருபத்தாறு வருஷம் காடுகளையும் சதுப்புகளையும் காப்பாற்றப் போய்த் தோற்றவர்; தோற்காத ஒரு வழியாகத்தான் ஈடுநிலத்தைக் கண்டுபிடித்தார்.

வேலிக்குள் மந்தையை விட வேண்டும் என்று எபநேசர் இரண்டு பக்கத்துக்கு மேலிடத்துக்கு எழுதினார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: தங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது.

ஆக, இரண்டு வழி. வாயைத் திறந்தால் ஈடுநிலம் பிழைக்கும், பொட்டல் கிடங்காகும். வாயை மூடிக்கொண்டால் ஈடுநிலம் இப்போதே சாகும்; பொட்டல் வேலிக்குள் அரசாங்க மரியாதையோடு இருபது வருஷத்தில் சாகும். அவர் பொட்டலுக்குப் போய் சீனியம்மாள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"சொல்லவா, வேண்டாமா?"

அவள் ஒரு குட்டியின் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஆட்டப் பிடிங்க அண்ணாச்சி, உதறுது."

பிடித்தார்.

"நீங்க சொல்லுங்க சீனியம்மா. இது உங்க நிலம்."

"பட்டா காட்டவா? எங்க நிலம்னு எவன் சொன்னான்?" முள்ளை எடுத்துக் கல்லில் தேய்த்தாள். "நாங்க சொன்னா அது ஆட்டுக்காரி பேச்சு. நீங்க சொன்னா பைல்ல ஏறும். உங்க வேலை, நீங்க பாருங்க."

"ஒரு வார்த்த, ஆமா இல்லைன்னு..."

"குட்டிய விடுங்க. அது பால் குடிக்கணும்."

எபநேசர் அறிக்கை எழுதினார். கல்லைப் புரட்ட வேண்டும். எதை, எப்போது என்பது மந்தை ஆட்களுக்குத்தான் கைவரும். ஆகவே நிலத்தோடு மந்தையும் வர வேண்டும். இதை நாலு இடத்தில் நாலு விதமாக எழுதி, நாலின் கீழும் கோடு போட்டார். அவர் வாழ்நாளில் அவ்வளவு அழுத்திப் பேனா பிடித்ததில்லை. நட்டுவாக்காலிக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிட இது சுலபம் என்று மேலிடம் ஒத்துக்கொண்டது. சீனியம்மாளின் மந்தை லாரிகளில் ஈடுநிலத்துக்கு வந்து இறங்கியது. மந்தை ஆட்களுக்கு 'நிலப் பராமரிப்பு நுட்பர்' என்று அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டினார்கள். ஒரு கிடா முதல் நாளே இரண்டு அட்டைகளைத் தின்றுவிட்டது.

கார்த்திகை மழைக்குள் ஆறாயிரம் கல் புரண்டது. ஆறாயிரம் இடத்தில், ஆறாயிரம் வடிவத்தில் புல் எழுந்தது. பங்குனியில் ஒரு ஜோடி கண்கிலேடி வந்தது. ராஜமுழி முழித்துக்கொண்டு கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கிற பறவை. இரண்டு முட்டைகள். எபநேசர் கையெழுத்துப் போட்டார்.

பொட்டலை ஒப்படைக்கும் நாளில் சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அதற்கும் அவர்தான். மண்வெட்டி இயந்திரங்கள் வரிசையாக நின்று ஒரே மூச்சில் தோலை உரித்த மாதிரி மேல்மண்ணை வழித்துப் போயின. இரண்டு கோடியே பதினேழு லட்சம் கல்லும் தெற்கு மூலையில் மலையாகக் குவிந்தது. அதில் எதுவோ ஒன்று முன்பு ஊறுகாய் ஜாடிமேல் இருந்தது. எது என்று தேடிப் பார்த்தார். இப்போது எல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

அடுத்த கோடையில் கிடங்கின் காவலாளி போன் செய்தார். "சார், ரெண்டு பறவ பெட்டிகளுக்கு நடுவுல வந்து உக்காந்திருக்கு. விரட்டினாலும் போகமாட்டேங்குது."

எபநேசர் போனபோது வெள்ளைப் பெட்டிகள் வரிசைக்கு நடுவே, ஜல்லித் தரையில், கண்கிலேடி அடைகாத்துக்கொண்டிருந்தது. பறவைக்கு ஒப்புநோக்கத் தெரியாது. பிறந்த இடத்துக்கு வந்திருந்தது. காவலாளி சுற்றிலும் செங்கல் அடுக்கித் தன் குடையை நிழலுக்குக் கட்டியிருந்தார். பெட்டிகள் பகல் முழுக்கச் சூட்டைக் கக்கின. பதினாறாம் நாள் பறவை எழுந்து போனது. முட்டை இரண்டும் அப்படியே இருந்தன. கையில் எடுத்தால் கொதித்தன.

அதற்கப்புறம் எபநேசருக்கு ஒரே கேள்விதான். கோதைநாயகியிடம் கேட்டார்: என் தப்பா மேடம்? "தப்பு, சரி என்று இதைப் பிரிக்க முடியாது." ஆலயத்தில் போதகரான ஐயரிடம் கேட்டார். அவர் தோளைத் தட்டிவிட்டு வாலிபர் கூட்டத்துக்கு நன்கொடை கேட்டார். எஸ்தர்மணியிடம் கேட்டார். "முதல்ல சாப்பிடுங்க" என்றாள். ஜாடியின் மூடிமேல் இப்போது ஒரு செங்கல் இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டார்.

தை மாதம். மழை ஓய்ந்து ஈடுநிலம் முழுக்கச் செம்பட்டை பூத்திருந்தது. சீனியம்மாள் கிடையைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். முன்னைக்கு இளைத்திருந்தாள். இங்கே வந்ததிலிருந்து கடல் காற்றில் ஆடுகளுக்கு இருமல். புருஷனைப் புதைத்த இடம் பெட்டிகளுக்கு அடியில் போய்விட்டது. அவள் அதைப் பற்றிப் பேசி அவர் கேட்டதில்லை.

"வாங்க அண்ணாச்சி. இன்னைக்கும் அதே கேள்விதானா?"

"சீனியம்மா, நான் அந்தக் கல்லச் சரியாப் பதிச்சிருந்தா..."

"ஆரம்பிச்சிட்டாரு."

"இல்ல, கேளுங்க. நான் சும்மா வச்சுட்டு வந்ததுனாலதான அது உருண்டுச்சு. உருண்டதுனாலதான முளைச்சுச்சு. முளைச்சதுனாலதான நான் எழுதினேன். எல்லாம் என்னாலதானே? ஒருத்தராவது ஆமான்னு சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க."

அவள் கம்பை ஊன்றி நின்றாள்.

"ஒரு வருசமா 'என் தப்பா, என் தப்பா'ன்னு கேக்குறீக. வேற கேள்வி உங்களுக்கு வரவே வராதா?"

"வேற என்ன கேக்க?"

"அந்தக் கல்லு எத்தன கிலோ?"

"ஆறு இருக்கும்."

"அசல் கல்ல முதல்ல எதுக்கு எடுத்தீக?"

"ஜீப்பு உருண்டுச்சு. முட்டுக் கொடுக்க."

"நின்னுச்சா?"

"நின்னுச்சே. அசையல."

"ஜீப்பையே நிறுத்தின கல்லு," என்றாள் சீனியம்மாள், "காத்துல உருளுமா அண்ணாச்சி?"

ஆடுகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின. மூன்று அடி வட்டம். எத்தன அடின்னீக என்று கேட்டவள் சிரிக்காமல் இருந்தது. மல்லாந்து, சரியாக ஒரு சாண் தள்ளி, கம்பு நுனியால் நெம்பிப் போட்டால் எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்த கல். எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறதுக்கு அரசாங்கம் வைத்த ஆள் அவர்.

முதல் தடவையாக எபநேசர் வேறொரு கேள்வி கேட்டார்.

"யாரு புரட்டினது?"

"நான்தான்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "வேலி வருதுன்னு நீங்க சொன்னீகளே, அதுக்கு அடுத்த வருசம் புரட்டாசில பஸ் ஏறி வந்தேன். உங்க காலடித் தடமே வழி காட்டுச்சு. ஒரே ஒரு கல்லு. இந்த மண்ணு எங்கள ஏத்துக்கிடுமான்னு பாத்தேன். ஏத்துக்கிடுச்சு. அந்தப் பொட்டலக் குடுத்தது நான். நீங்க இல்ல."